செயற்கை அறியாமை

சேர்வராயன் மலையில், வெள்ளக்கடையில் இருந்துகொண்டு சமவெளியில் ஓடும் சில கணினி வழங்கிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். ஒரு வழங்கி தான் செய்வதையெல்லாம் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். யார் நுழைந்தார்கள், எந்த வேலை எப்போது முடிந்தது என்று நாளொன்றுக்குப் பல்லாயிரம் வரிகள். எரிக் ஆல்மன் 1980களில் தன் மின்னஞ்சல் நிரலுக்காகச் செய்த சிஸ்லாக் என்ற ஏற்பாட்டிலிருந்து வளர்ந்த பழக்கம் இது. எந்த மனிதனும் அதை முழுக்க வாசிக்க முடியாது. ஆகவே வடிகட்டும் விதிகளை எழுதுகிறோம்.

அவ்விதிகளின் மொழி ரெஜெக்ஸ். நரம்பு வலைகளைப் பற்றி 1951ல் எழுதும்போது ஸ்டீபன் க்ளீனி வகுத்த குறியீடு அது. 1968ல் கென் தாம்சன் அதைச் சொல்தேடும் கருவியாக்கினார். அதில் புள்ளி என்றால் ஏதேனும் ஓர் எழுத்து. நட்சத்திரம் என்றால் முன்னிருப்பது எத்தனை முறை வேண்டுமானாலும். இரண்டும் சேர்ந்தால் ‘எதுவும்’ என்று பொருள்.

வடிகட்ட இரண்டு வழிகள் உண்டு. இங்கே காப்பிக் கொட்டையை முறத்தில் பரப்பி, கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்கி எடுப்பார்கள். கொட்டையின் குறைகள் தலைமுறைகளாகத் தெரிந்தவை என்பதால் அது போதும். கணினியின் கோளாறோ ஒவ்வொரு முறையும் புதிய சொற்களில் வருகிறது. அதனால் 1997ல் மார்கஸ் ரேனம் தலைகீழான வழியைச் சொன்னார். தீங்கற்றவை என்று அறிந்தவற்றையெல்லாம் விதியாக்கிக் கழித்துவிடு, மிஞ்சுவதை வாசி. அதற்கு அவர் இட்ட பெயர் ‘செயற்கை அறியாமை’.

இவ்வழியில் ஒவ்வொரு விதியும் ஒரு வாயடைப்பு. ஒரு நிறுவனத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் இரவுதோறும் வரும் வட்டுச் செய்திகளால் சலித்து, ‘வட்டின் பெயர், பிறகு எதுவும்’ என்று ஒரு விதி எழுதியிருந்தார். வட்டு நலமாக இருக்கிறேன் என்றபோதும் அந்த வரி கழிந்தது. படிக்க முடியவில்லை என்று சொல்லத் தொடங்கியபோதும் கழிந்தது. கடைசியில் வட்டு நின்றது. பல மாதக் கணக்குகள் அதோடு போயின. பிறகு மூலப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். எல்லா எச்சரிக்கைகளும் தேதியோடு இருந்தன. அவை எவர் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

நான் விதிகளை இறுக்கமாகவே எழுதுகிறேன். வரியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, எண் வருமிடத்தில் எண்ணை மட்டும் அனுமதித்து. அது கழிப்பது குறைவு, வாசிக்க நேர்வது அதிகம். ஆனால் தெரியாததை மறைக்கும் உரிமை விதிக்கு இல்லை.

நம் இலக்கணிகள் இதை அறிந்திருந்தார்கள். தொல்காப்பிய எழுத்ததிகாரம் புணர்ச்சி விதிகளை அத்தனை நுட்பமாக வகுத்தபின் ஒரு புறனடையில்தான் முடிகிறது. சொன்ன இயல்பிலிருந்து வேறுபட்டு ஏதேனும் தோன்றினால், வழக்கை நோக்கி, நல்லறிவால் ஆராய்ந்து கொள்க என்கிறது அது. விதிக்குள் அடங்காததை மனிதனின் கவனத்திற்கு விட்டுவைத்த அந்த நூற்பாவை, வடிகட்டிகள் எழுதும் ஒவ்வொருவரும் ஒருமுறை வாசிக்கலாம்.