மறவாதே என்றொரு சந்தேஷ்

கொல்கத்தாவின் கல்யாணத் தட்டுகளில் இனிப்பும் பேசும். அதைப் பேச வைப்பவர்கள் மர அச்சு செதுக்கும் தச்சர்கள்.

நான் நீட்டிய தாளை அவர் முதலில் தலைகீழாகப் பிடித்தார். பிறகு பக்கவாட்டில் திருப்பினார். "தாதா, இதில் தலை எது, கால் எது?" என்று கேட்டார். தாளில் 'நல்வாழ்த்துக்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

இடம், வடகொல்கத்தாவின் ரவீந்திர சரணியில் இருக்கும் நொதுன் பஜார். 'புதுச் சந்தை' என்று பொருள். பெயரில் மட்டும்தான் புதுமை. தாகூர் பிறந்த ஜோராசாங்கோ இல்லத்திலிருந்து நடந்து போகும் தூரம். பித்தளைப் பாத்திரக் கடைகளைத் தாண்டினால், கையகல மரத்துண்டுகளை அடுக்கி வைத்திருக்கும் சின்னச் சின்னக் கடைகள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பள்ளம். மீன், சங்கு, மாம்பழம், வண்ணத்துப்பூச்சி. சந்தேஷ் என்ற பால் இனிப்புக்கு உருவம் கொடுக்கும் அச்சுகள் இவை. வங்காளிகள் 'சாஞ்ச்' என்கிறார்கள்.

என்னை அங்கே அனுப்பியவர் ஒரு பழைய சக ஊழியர். நான் 'திதி' என்று அழைக்கும் வங்காளப் பெண்மணி. அவருடைய மகளுக்கும் திருநெல்வேலிப் பையன் ஒருவனுக்கும் கல்யாணம். தை மாதத்தில் முகூர்த்தம். (பௌஷ் மாதத்தில், அதாவது நம் மார்கழியில், வங்காளிகளும் கல்யாணம் வைப்பதில்லை.) பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் சீர்வரிசைக்கு அங்கே 'தொத்தோ' என்று பெயர். புடவை, பழம், தயிர்ப் பானை, மீன் என்று வரிசையாகத் தட்டுகள். அவற்றில் ஒன்று சந்தேஷ் தட்டு. "சம்பந்தி வீட்டார் வாசிக்கிற மாதிரி தமிழில் ஒரு சொல் இருக்கட்டும். நீதான் தமிழ் எம்.ஏ. ஆயிற்றே" என்றார் திதி.

மேல்நாட்டில் பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் சீஸ் கேக்கின் மேல் பெயரும் படமும் வரைகிறார்கள். வங்காளத்தில் பாலாடைக்கட்டியையே அழுத்தி எழுத்தாக்கிவிடுகிறார்கள். சந்தேஷின் உடம்பே சானா தான். கொதிக்கும் பாலில் புளிப்பு சேர்த்துத் திரித்து, துணியில் கட்டி, நீர் வடித்தால் கிடைப்பது. நம் வீடுகளில் பால் திரிந்தால் முகம் சுளிப்போம். இனிப்பென்றால் பாலை வற்றக் காய்ச்சித் திரட்டுப்பாலாக்குவோம். பாலை வேண்டுமென்றே திரிப்பதில் வட இந்தியாவிலும் பலருக்கு மனத்தடை இருந்தது. ஹூக்ளிக் கரையில் குடியேறிய போர்த்துகீசியர்களின் பாலாடைக்கட்டிப் பழக்கம்தான் வங்காளிகளின் தயக்கத்தைப் போக்கியது என்று உணவு வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

வடித்த சானாவைப் பலகையில் தேய்த்துப் பிசைந்து, சர்க்கரையோ பேரீச்ச மர வெல்லமோ சேர்த்து, இளந்தீயில் மரக்கரண்டியால் விடாமல் கிளறுகிறார்கள். சீக்கிரம் இறக்கினால் 'நரம் பாக்', மிருதுவானது. இன்னும் கொஞ்சம் கிளறினால் 'கொடா பாக்', இறுகியது. அச்சுக்கு உகந்தது இரண்டாவதுதான். சூடு ஆறுவதற்குள் அச்சில் வைத்து அழுத்த வேண்டும். ஆறிவிட்டால் விளிம்பு விண்டுபோகும்.

பௌபஜாரில் 1826ல் தொடங்கிய பீம் சந்திர நாக், ஹெதுவா அருகே 1844ல் தொடங்கிய கிரீஷ் சந்திர தே - நகுர் சந்திர நந்தி ஆகிய கடைகளின் பெயர் சந்தேஷ் பிரியர்களுக்கு மனப்பாடம். ஆனால் சொல்லிச் செய்வித்த அச்சின் கதை என்றால் எல்லோரும் சந்தன்நகரைத்தான் காட்டுகிறார்கள். நம் புதுச்சேரியைப் போலப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் அது. பக்கத்துத் தெலினிபாடா ஜமீன்தார் வீட்டில் புது மாப்பிள்ளையை ஏமாற்ற ஒரு இனிப்பு கேட்டார்களாம். மிட்டாய்க்காரர் சூர்ய குமார் மோதக், நுங்கு வடிவில் ஒரு அச்சு செய்வித்து, சந்தேஷின் நடுவே பன்னீரை ஒளித்து வைத்தார். மாப்பிள்ளை கடித்தார், பன்னீர் பீறிட்டு உடையெல்லாம் நனைந்தது. ஒரு வீட்டுக் குறும்புக்காகப் பிறந்த அந்த 'ஜல்பரா' இன்று மாநிலம் முழுக்க விற்கிறது.

இந்த இனிப்பை அரசாங்கமே தடுத்த காலமும் உண்டு. 1965ல் பால் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, முதல்வர் பிரபுல்ல சந்திர சென்னின் அரசு சானா இனிப்புகளுக்குத் தடை போட்டது. 1967 தேர்தலில் அவர் தோற்றதற்கு எத்தனையோ காரணங்கள். மிட்டாய்க் கடைகளின் கோபத்தையும் அதில் சேர்த்துச் சொல்வது வங்காளிகளுக்குப் பிடிக்கும். இப்போது தேர்தல் வந்தால் கட்சிச் சின்னங்களே சந்தேஷாக வெளிவருகின்றன.

அச்சுத் தச்சரிடம் திரும்புவோம். அவர் என் தாளில் விரல் வைத்து எண்ணினார். "இத்தனை எழுத்து ஒரு சந்தேஷில் நிற்காது. இந்தப் புள்ளிகள் வேறு. அச்சில் புள்ளி என்றால் ஊசிக் குழி. மாவு அதற்குள் போய் ஒட்டிக்கொள்ளும். தட்டினால் எழுத்து மட்டும் வரும், புள்ளி வராது."

எனக்குத் திகைப்பாக இருந்தது. ஓலைச்சுவடி எழுதியவர்களுக்கும் இதே சிக்கல்தான். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று அவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். பிறகு பதிப்பித்தவர்கள் எது மெய், எது உயிர்மெய் என்று தவித்தார்கள். வகுப்பில் படித்ததை, நொதுன் பஜாரில் ஒரு தச்சர் தேக்குத் துண்டைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புள்ளியில்லாத தமிழ்ச் சொல் வேண்டும். 'வாழ்க' ஆகாது. 'நலம்' ஆகாது. அவர் உள்ளே போய்ப் பழைய அச்சு ஒன்றை எடுத்து வந்தார். ஓரமெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தது. வங்க எழுத்தில், இடவலமாக, 'புலோ நா'. மறந்துவிடாதே. "முன்பெல்லாம் கல்யாணத்துக்கு இதைக் கேட்பார்கள்" என்றார்.

மறவாதே. நான்கே எழுத்து, ஒரு புள்ளி கிடையாது.

திதியிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அதுவே இருக்கட்டும். மகளுக்கு நான் சொல்ல நினைப்பதும் அதுதான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. தட்டு போவதோ சம்பந்தி வீட்டுக்கு. 'மறவாதே' என்பது நீ என்று அழைப்பவர்களுக்கு உரிய சொல். எழுபது வயதுப் பெரியவர்கள் கையில் கொடுத்தால் மரியாதைக் குறைவு. 'மறவாதீர்' என்றால் மரியாதை இருக்கும், புள்ளியும் வந்துவிடும். இருபது வருஷமாக மொழிபெயர்க்கிறேன். இப்படி ஓர் இக்கட்டில் மாட்டியதில்லை. கடைசியில் திதியின் மனத்தையே வழிகாட்டியாகக் கொண்டேன். அது மகளுக்குச் சொல்வது.

தச்சர் என் எழுத்தை மெல்லிய தாளில் படியெடுத்து, தாளைப் புரட்டி மரத்தில் ஒட்டினார். அச்சில் இடவலமாக இருந்தால்தான் இனிப்பில் நேராக வரும். 'தே'யின் கொம்புக்கு மட்டும் மூன்று முறை உளியை மாற்றினார். ஒரு மீன் அச்சு செய்தால் ஐம்பது கடைக்கு விற்கலாம். இப்படிப்பட்ட சொல் ஒரு கல்யாணத்தோடு சரி. பிளாஸ்டிக், சிலிக்கான் அச்சுகள் மலிவாக வந்த பிறகு மீனும் குறைந்துவிட்டது. "என் மகன் கைபேசிக் கடையில் இருக்கிறான். மாதம் பிறந்தால் சம்பளம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

குருசதய் தத் (1882-1941) என்ற ஐ.சி.எஸ். அதிகாரி வங்காளக் கிராமங்களில் திரட்டிய கலைப்பொருள்களில் கல்லாலும் மண்ணாலும் ஆன இனிப்பு அச்சுகளும் உண்டு. கிராமத்துப் பெண்கள் வீட்டில் பயன்படுத்தியவை. அப்போதே அவை போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் லேக் மார்க்கெட் பக்கம் தங்கியிருந்தார்கள். பல தலைமுறையாகத் தமிழர்கள் வாழும் பகுதி. தட்டு வந்தது. நடுவில் மூக்குத்தி போட்ட சந்தேஷ் மீன். சுற்றிலும் வெல்ல நிறத்தில் வண்ணத்துப்பூச்சிகள். வண்ணத்துப்பூச்சிக்கு வங்காளத்தில் 'பிரஜாபதி' என்று பெயர். கல்யாணத் தெய்வத்தின் பெயரும் அதுவே. இவற்றுக்கிடையே பன்னிரண்டு 'மறவாதே'.

மாப்பிள்ளையின் ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். "ஏ தம்பி, இது மருமவளுக்கா, நமக்கா?" என்று என்னைக் கேட்டார்.

பயந்த கேள்வி வந்துவிட்டது. "பெண்ணோட அம்மா மகளுக்குச் சொல்றது ஆச்சி" என்றேன்.

ஆச்சி ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "நமக்கும்னே வச்சுக்கிடுவோம். அந்தப் பிள்ளைக்கு அம்மா ஒருத்தி இங்க இருக்கான்னு நாமளும் மறக்கப்படாதுல்லா."

சந்தேஷ் என்றால் செய்தி. உறவினர் வீட்டுக்குச் சேதி கொண்டுபோனவர் வெறுங்கையோடு போகாமல் இனிப்போடு போனதால் இனிப்புக்கே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். தமிழில் தூது இலக்கியத்தில் கிளி, மேகம், தென்றல் எனப் பத்துப் பொருள்களைத் தூது விடுவது மரபு. பாலாடைக்கட்டி அந்தப் பட்டியலில் இல்லை.

அச்சைத் திரும்பக் கொடுக்கப் போனேன். தச்சர் வாங்கவில்லை. "இங்கே இதை யார் கேட்பார்கள் தாதா? வாசிக்கத் தெரிந்தவரிடமே இருக்கட்டும்" என்றார்.