வலக்கை ஆட்காட்டி விரல் நகத்துக்கு

அன்புள்ள நகமே, பத்துப் பேரில் உனக்குத்தான் இந்த மடல். இடக்கை நகங்கள் ஐந்தையும் ஒட்ட வெட்டிவிடுகிறேன். கம்பியை அழுத்தும் விரலில் நகம் நீண்டால் சுரம் நிற்காது. வலக்கைச் சுண்டுவிரல் நகத்துக்கு என்னிடம் வேலை இல்லை. கட்டைவிரல் நகமும் மோதிரவிரல் நகமும் கிளாசிக்கல் கிட்டாருக்கு உழைத்தால் போதும். நீயும் நடுவிரல் நகமும்தான் காலையில் கிளாசிக்கல் கிட்டாருக்கும் மாலையில் பேஸ் கிட்டாருக்கும் வந்து நிற்கிறீர்கள். நைலான் முதல் கம்பியின் கனம் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. பேஸின் அடிக்கம்பியோ இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டிய எஃகு. முன்னது உன்னை வளரச் சொல்கிறது, பின்னது உன்னை ஒதுங்கச் சொல்கிறது. இரண்டு சொல்லையும் கேட்டு நடந்தவன் நீ.

நகமே, கிட்டாரில் எனக்கென்று ஒரு நாதம் இருக்கிறது என்றால் அது நீ கொடுத்தது. கம்பி முதலில் உன் இடப்பக்கத்துச் சதையில் வந்து அமரும். அங்கிருந்து உன் விளிம்புக்கு ஏறி, சரிவில் வழுக்கி வெளியேறும். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை, ஆனால் எல்லாம் அதற்குள்தான் நடக்கிறது. வெறும் சதையால் மீட்டினால் ஒலி மென்மையாக இருக்கும், கடைசி வரிசை வரை போய்ச் சேராது. வெறும் நகத்தால் மீட்டினால் தகரம் போலக் கீச்சிடும். நீயும் சதையும் சேரும்போது பிறப்பது மூன்றாவது ஒன்று. ஆந்த்ரே செகோவியா (1893–1987) உலக மேடைகளில் கேட்க வைத்த கிட்டார் ஒலி இந்தச் சேர்க்கையில் உருவானதுதான். மெல்லிய உப்புத்தாளால் உன் விளிம்பை நான் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவதை வீட்டில் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். விளிம்பில் ஒரு சிறு சொரசொரப்பு இருந்தாலும் அது ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ‘ஸ்’ என்று கேட்கும் என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

நகமே, பேஸுக்காக நீ விட்டுக்கொடுத்தது அதைவிடப் பெரிது. பேஸில் ஒலியை எழுப்ப வேண்டியது விரலின் பஞ்சுச் சதை. நீ கொஞ்சம் நீண்டிருந்தாலும் ஒவ்வொரு அடியிலும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதை ஆம்ப் பெரிதாக்கி ஊருக்கே சொல்லும். சுருள் சுற்றிய எஃகுக் கம்பி அரம் மாதிரி உன்னை அராவி ஓரத்தில் பள்ளம் போட்டுவிடும். மறுநாள் நைலான் கம்பி அந்தப் பள்ளத்தில் சிக்கும். பேஸுக்கு வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பி மாட்டியபோது பாதித் தொல்லை தீர்ந்தது. மீதியைத் தீர்த்தது உன் அளவு. உள்ளங்கையை என் பக்கம் திருப்பிப் பார்த்தால் சதைக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு, விரல் நுனியின் வளைவிலேயே, பிறை போல நீ தெரிவாய். கிட்டாரில் விரலை வளைத்தால் அந்த ஒரு மில்லிமீட்டர் கம்பியைச் சந்திக்கிறது. பேஸில் விரலைச் சற்று நீட்டிப் படுக்க வைத்தால் சதை மட்டும் தொடுகிறது, நீ பின்னால் நின்றுகொள்கிறாய். மோதிரவிரல் நகத்தை மட்டும் நீளமாக விட்டுவைக்கலாம்தான். ஆனால் மூன்று விரலும் அடுத்தடுத்து மீட்டும்போது அதன் ஒலி மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். அதனால் அதையும் உன் அளவுக்கே வைத்திருக்கிறேன்.

நகமே, உன்னை வைத்து நடந்த வாதம் இரு நூற்றாண்டுப் பழமை. 1830இல் பாரிஸில் வெளியான தன் கிட்டார் பயிற்சி நூலில் ஃபெர்னாண்டோ சோர் நகத்தால் மீட்டுவதை ஏற்கவில்லை. நண்பர் டியோனிசியோ அகுவாதோவுக்கு மட்டும் விலக்குத் தந்தார். அகுவாதோவோ, சோரின் வாசிப்பைக் கேட்ட பிறகு கட்டைவிரலில் மட்டும் நகத்தைக் கைவிட்டார். இருவரும் சேர்ந்து வாசிக்க சோர் எழுதிய இசைக்கோவைக்குப் பெயரே ‘இரு நண்பர்கள்’. கருத்து ஒத்துப்போகாமலே ஒருவருக்கொருவர் செவிகொடுத்த அந்த இருவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

நகமே, நீ முறிந்த நாட்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் உன் வளர்ச்சி. அவசரப்படுத்த வழியே இல்லை. அந்த வாரங்களில் கிட்டார் கலைஞர் தாரெகாவின் ‘லாக்ரிமா’வை வெறும் சதையால் வாசித்துப் பார்த்தேன். தாரெகாவே தம் கடைசி ஆண்டுகளில் நகமில்லாமல் வாசித்தவர். மேல்கம்பியின் மெட்டு அப்படிக் கனிந்து வந்ததை அதற்கு முன் நான் கேட்டதில்லை. நீ திரும்பி வந்த பிறகும் அந்தக் கனிவைத் தேடியே சதையில் கம்பியை ஒரு கணம் கூடுதலாக நிறுத்துகிறேன்.

நகமே, நான் ‘இளைய நிலா’ பாட்டில் கிட்டாரை ஒருமுறையும் பேஸை ஒருமுறையும் தனித்தனியாகக் கேட்டு வளர்ந்தவன். அதைத் தந்த இளையராஜா கிளாசிக்கல் கிட்டாரை முறையாகப் பயின்று லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர்; அவர் பாட்டுகளில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. நீ ஒருநாளும் சொல்லவில்லை.

நகமே, இன்னொன்று. கிட்டாரில் மீட்டிய விரல் அடுத்த கம்பியில் சாய்ந்து நிற்கும் ‘அபோயாண்டோ’வை நீயும் நடுவிரலும் மாறி மாறிப் பழகினீர்கள். பேஸை முதன்முதலில் மடியில் வைத்தபோது அதுவும் அதே நடையைத்தான் கேட்டது: மீட்டு, அடுத்த கம்பியில் சாய், அதன் அதிர்வையும் அடக்கு. டெட்ராயிட்டில் மோடவுன் இசை நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பேஸ் வரிகளைப் பெரும்பாலும் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார் என்பதை அறிந்த அன்று உன்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று மாலை ஒத்திகை. இரவல் பேஸ், சுருள் கம்பி போட்டது. விரலை நன்றாகப் படுக்க வைத்தே வாசிக்கிறேன், நீ பின்னாலேயே இரு. நாளைக் காலை சோர்.