ஷெரிஃப் ஆகணுமா? ஆஸ்பெனுக்கு வாங்க!

ஒரே ஒரு கேள்வி பாஸ். உங்க மாவட்டத்து எஸ்.பி.யை நீங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம்னு சொன்னா யாருக்குக் குத்துவீங்க? அதைவிட முக்கியம்... அந்த ஆள்கிட்ட என்ன கேட்டுட்டுக் குத்துவீங்க?

'விளையாடாதடா, எஸ்.பி.ன்னா ஐ.பி.எஸ். எழுதி வரணும்'னு நீங்க சொல்றது கேட்குது. நம்ம ஊர்ல அப்படித்தான். ஆனா, போன செமஸ்டர் லீவுல நான் போய் இறங்கின ஊர்ல கதையே வேற. அங்கே போலீஸ் தலைவர் வீடு வீடா வந்து கும்பிட்டு (சரி, கை குலுக்கி) ஓட்டுக் கேட்கணும்!

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோகக் கதை. இந்த வருஷம் எங்க டிபார்ட்மென்ட் அசோசியேஷன் செகரட்டரி தேர்தல்ல நான் நின்னேன். நின்னேன்னா, பசங்க உசுப்பேத்தி நிக்க வெச்சாங்க. செமினார் ஹால்ல மைக்கைக் கையில குடுத்ததும் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு எழுந்து, "நீங்க வந்தா என்ன பண்ணுவீங்கண்ணா?"ன்னு கேட்டா. "எல்லாம் சூப்பரா பண்ணுவோம்!"னு சொன்னேன். கைதட்டல் பின்னிடுச்சு. 9 ஓட்டுல தோத்தேன். ஜெயிச்சவன் என்ன பெருசா கிழிச்சுட்டான்னு மனசுக்குள்ள ஒரு கடுப்பு. அந்தக் கடுப்போடதான் ஃப்ளைட் ஏறினேன்.

மலை ஏறுது மாருதி... இல்லை, டொயோட்டா!

அக்கா குடும்பம் இருக்கிறது அமெரிக்காவோட கொலராடோ மாநிலத்துல, டென்வர் பக்கத்துல அரோராங்கிற ஊர்ல. ஜூன் மாசம். சனிக்கிழமை காலைல புளிசாதம் கட்டிக்கிட்டு மூணு பேரும் கிளம்பினோம். கொஞ்ச தூரம் போனதும் ரோட்டோரத்துல ஒரு போலீஸ் கார். மாமா (அக்கா வீட்டுக்காரர்) சடார்னு வேகத்தைக் குறைச்சார். கதவுல பெருசா ஒரு நட்சத்திரம். கூடவே 'ஷெரிஃப்'னு எழுத்து.

எனக்கு ஷெரிஃப்னா லயன் காமிக்ஸ்தான். குதிரை, தொப்பி, நெஞ்சுல நட்சத்திரம். அதெல்லாம் அந்தக் காலம்னு நெனச்சேன். "இன்னும் இருக்காங்க மாப்ள. நாடு முழுக்க மூவாயிரம் பேருக்கு மேல. பெரும்பாலும் எல்லாருமே ஓட்டு வாங்கி வந்தவங்க"ன்னார் மாமா. "போன எலெக்‌ஷனப்போ நம்ம பக்கத்து வீட்டுப் புல்தரையிலகூட 'இவரை ஷெரிஃப் ஆக்குங்க'ன்னு போர்டு நட்டு வெச்சிருந்தாங்கடா"ன்னா அக்கா. அவங்க ரெண்டு பேருக்கும் அங்கே ஓட்டு கிடையாது. இருந்தாலும் அந்த போர்டுல இருந்த பேரு இன்னும் ஞாபகம் இருக்கு!

(நம்ம சென்னையிலயும் ஒரு காலத்துல ஷெரிஃப்னு ஒரு பதவி இருந்தது தெரியுமா? பெரிய மனுஷங்களுக்குக் கொடுக்கிற கௌரவப் பதவி. லத்தியும் கிடையாது, ஓட்டும் கிடையாது.)

லெட்வில் தாண்டினதும் ரோடு மேல மேல ஏறுது. இன்டிபென்டென்ஸ் பாஸ்னு ஒரு கணவாய். உயரம் 12,095 அடி. நம்ம தொட்டபெட்டா 8,650 அடிதான்னா பார்த்துக்குங்க! ஒரு உயரத்துக்கு மேல மரமே இல்லை. ஜூன் மாசத்துலயும் ரோட்டோரம் பனி. நாலு படி ஏறினா நாக்கு வெளியே தள்ளுது. அந்தப் பக்கம் இறங்கும்போது ரோடு ஒல்லியாகி, ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். கொல்லிமலை ஹேர்பின் பெண்டுல வாந்தி எடுத்த பரம்பரை நான். கண்ணை மூடிக்கிட்டேன்.

கண்ணைத் திறந்தப்போ பிட்கின் கவுன்ட்டியில இருந்தோம். கவுன்ட்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. ஆனா, 2020 கணக்குப்படி இந்தக் கவுன்ட்டியில மொத்த ஜனமே 17 ஆயிரத்துச் சொச்சம்தான். அதோட தலைநகர்தான் ஆஸ்பென். உயரத்துல நம்ம ஊட்டியைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி, விலைவாசியில... வேண்டாம், ஒரு காபி விலையைப் பார்த்துட்டு அக்கா ஃபிளாஸ்க்கைத் திறந்துட்டா.

கண்ணைக் கட்டாத தேவதை

ஆஸ்பென் ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். 1893-ல வெள்ளி விலை விழுந்ததும் ஊரே காத்தாடிப் போச்சு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பனிச்சறுக்கு வந்து திரும்பவும் பணம் கொட்டுது. மெயின் ரோட்டுல செங்கல்லுல ஒரு பழைய கோர்ட் கட்டடம். வாசல் மேல நீதி தேவதை. தராசு உண்டு. ஆனா, கண்ணுல கட்டு இல்லை! கண்ணைத் திறந்துக்கிட்டு ரோட்டையே பார்க்குது அந்தம்மா.

இந்தக் கட்டடத்தோட ரெண்டாவது மாடி ஜன்னல் வழியாத்தான் 1977 ஜூன்ல டெட் பண்டிங்கிற தொடர் கொலைகாரன் குதிச்சு ஓடினான். விசாரணை இடைவேளையில சட்டப் புத்தகம் படிக்கணும்னு லைப்ரரிக்குப் போனவன், அப்படியே எஸ்கேப். ஆறு நாள் கழிச்சுத்தான் பிடிச்சாங்க.

ஆனா, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அதுக்கும் ஏழு வருஷம் முன்னாடி நடந்த கதை. 1970. ஷெரிஃப் தேர்தல். வேட்பாளர் பேரு ஹன்டர் எஸ். தாம்சன். வயசு 33. தொழில் பத்திரிகையாளர்! ('ஃபியர் அண்ட் லோதிங் இன் லாஸ் வேகாஸ்' படத்துல ஜானி டெப் நடிச்சாரே, அது இவர் எழுதின கதைதான்.) பக்கத்துல வுடி க்ரீக்ங்கிற கிராமத்துல வீடு. போலீஸ் அனுபவம் சைபர்.

ஊருக்கு நெறைய ஹிப்பி இளைஞர்கள் வந்து குடியேறிட்டிருந்த நேரம். நீள முடி வெச்சிருந்தா போலீஸ் பிடிக்குதுன்னு அவங்களுக்குக் கோபம். ரியல் எஸ்டேட்காரங்க மலையைத் துண்டு போட்டு வித்துட்டு இருந்தாங்கன்னு ஊர்க்காரங்க சிலருக்குக் கோபம். அதுக்கு முந்தின வருஷமே ஜோ எட்வர்ட்ஸ்னு ஒரு இளம் வக்கீலை மேயருக்கு நிக்க வெச்சு, விரல்விட்டு எண்ணுற ஓட்டுல தோத்திருந்தாங்க. 'விடாதே, அடுத்தது ஷெரிஃப்!'னு தாம்சனே இறங்கிட்டார்.

ரோட்டைப் பெயர்ப்போம்!

அவரோட வாக்குறுதிகளைக் கேளுங்க...

ஊர் ரோட்டையெல்லாம் இயந்திரம் வெச்சுப் பெயர்த்துட்டு புல் நடுவேன். காரெல்லாம் ஊருக்கு வெளியே. ஊருக்குள்ள நடை, இல்லாட்டி சைக்கிள். அந்த சைக்கிள்களைப் பராமரிக்கிறது போலீஸ் வேலை.

ஆஸ்பென்ங்கிற பேரை 'ஃபேட் சிட்டி'ன்னு மாத்துவேன். அப்படி ஒரு பேர்ல நிலம் வித்தா எவன் வாங்குவான்?

போதைப் பொருள் வித்து ஏமாத்துறவனைக் கோர்ட் வாசல் புல்வெளியில, எல்லாரும் பார்க்கிற மாதிரி மரக்கட்டையில கை காலை மாட்டி உட்கார வைப்பேன்.

ஷெரிஃபும் அவர் ஆட்களும் பொது இடத்துல துப்பாக்கி வெச்சுக்கக் கூடாது.

மலையைச் சூறையாடுறவங்களை ஷெரிஃப் ஆபீஸ் தூங்க விடாது.

பாதி கிண்டல், பாதி சீரியஸ். எது எந்தப் பாதின்னு கண்டுபிடிக்கிறது நம்ம பாடு! எதிர்த்து நின்னவர் ஒட்ட முடி வெட்டினவர். இவர் என்ன பண்ணினார் தெரியுமா? சுத்தமா மொட்டை போட்டுக்கிட்டு வந்து, 'என்னை எதிர்த்து நிற்கும் நீள முடிக்காரர்'னு அவரைக் கலாய்ச்சார். செம லொள்ளு! டாம் பென்டன்ங்கிற ஓவியர் ரெண்டு கட்டைவிரல் உள்ள ஒரு முஷ்டியை சின்னமா வரைஞ்சு போஸ்டர் அடிச்சார். 1889-ல திறந்த ஜெரோம் ஹோட்டல்தான் இவங்க கூடாரம். இன்னும் அதே மெயின் ரோட்டுல நிக்குது. உள்ளே எட்டிப் பார்த்தேன். நம்ம பர்ஸ் தாங்காதுன்னு அதே வேகத்துல வெளியே வந்துட்டேன்.

சரி, ரிசல்ட்? நம்ம ஊர் அரசியலே தோத்துப் போற மாதிரி ஒரு மெகா கூட்டணி! தாம்சன் ஜெயிச்சிடுவாரோன்னு பயந்து ரெண்டு பெரிய கட்சிகளும் கை கோத்துட்டாங்க. ஷெரிஃப் பதவிக்கு நின்ன குடியரசுக் கட்சி வேட்பாளர் விலகிட்டார். பதிலுக்கு வேற ஒரு பதவிக்கு நின்ன ஜனநாயகக் கட்சி வேட்பாளர் விலகிட்டார். ஏற்கெனவே ஷெரிஃபா இருந்த கேரல் விட்மயர் ஜெயிச்சார். தாம்சனுக்கு 44 சதவிகிதம். ஆஸ்பென் டவுனுக்குள்ள அவர்தான் முதல். கவுன்ட்டி முழுக்கச் சேர்த்தப்போ தோல்வி.

ஒரு விஷயம் கவனிங்க. அப்போ அங்கே ஓட்டுப் போட 21 வயசு ஆகணும். 18 ஆனது மறு வருஷம்தான். அதாவது, நானும் நீங்களும் 1970-ல ஆஸ்பென்ல இருந்திருந்தா ஊர்வலம் போயிருக்கலாம், போஸ்டர் ஒட்டியிருக்கலாம்... ஓட்டு மட்டும் போட்டிருக்க முடியாது.

தோத்தவன் லிஸ்ட்

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். கோர்ட்டைத் தாண்டி நடந்தா ஊருக்கு நடுவுல செங்கல் பாவின தெருக்கள். கார் வரக் கூடாது. நடக்கிறவங்களுக்கு மட்டும். குழந்தைங்க ஓடுது, வாய்க்கால்ல தண்ணி ஓடுது. 1970-கள்லயே ரோட்டை எடுத்துட்டு இப்படி மாத்திட்டாங்களாம். முனையில வரிசையா வாடகை சைக்கிள்கள். 2013-லேர்ந்து ஓடுது. 'ரோட்டைப் பெயர்ப்பேன், சைக்கிள் விடுவேன்'னு எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

இதெல்லாம் தாம்சனாலதான் வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா, ஷெரிஃப் ஆபீஸ் விஷயத்துல கோடு நேராவே தெரியுது. 1976-ல டிக் கீனாஸ்ட்னு ஒருத்தர் ஷெரிஃப் ஆனார். வேஷம் போட்டு ஆளுங்களோட பழகி, போதை கேஸ்ல மாட்டி விடுற ரகசிய வேலையை என் ஆபீஸ் செய்யாதுன்னு நின்னார். 1986-ல ஜெயிச்ச பாப் பிராடிஸ் தாம்சனுக்கு நெருங்கின நண்பர். அதே பாதையில 24 வருஷம் ஷெரிஃப்! ஜனங்களோட பேசியே காரியத்தை முடிக்கிற போலீஸ்னு அந்த ஆபீஸுக்குப் பேர் வந்தது. தாம்சன் 2005-ல இறந்தார். அவர் அந்த நாற்காலியில ஒரு நாள்கூட உட்காரலை.

துப்பாக்கி மட்டும்? அது நடக்கலை. நான் பார்த்த டெபுடி இடுப்புல பளபளன்னு தொங்குது. ஊர் பேரும் ஆஸ்பென்தான். நிலம் விலை? கேட்டா மயக்கம் வரும். இங்கே வேலை பார்க்கிறவங்கள்ல நெறைய பேரு வாடகை கட்டுப்படியாகாம, பள்ளத்தாக்குல கீழே இருக்கிற ஊர்கள்லேர்ந்து பஸ் ஏறி வர்றாங்க. மலையைக் காப்பாத்துறேன்னு சொன்ன பாயின்ட்டுலதான் அவர் நிஜமாவே தோத்தார்னு எனக்குத் தோணுச்சு.

ஷெரிஃபோட தினசரி வேலை சினிமா மாதிரி இல்லை. ஆஸ்பென் டவுனுக்குத் தனி போலீஸ் உண்டு. டவுனுக்கு வெளியே உள்ள மலை, கிராமம் எல்லாம் ஷெரிஃப் பொறுப்பு. ஜெயிலைப் பார்த்துக்கணும். கோர்ட் சம்மனைக் கொண்டு போய்க் குடுக்கணும். வாடகை பாக்கின்னு கோர்ட் சொன்னா, வீட்டைக் காலி பண்ண வைக்கணும். பக்கத்துல மரூன் பெல்ஸ்னு ரெண்டு அழகான சிகரம். அங்கே எவனாவது வழி தவறினா தேடிக் கண்டுபிடிக்கிற பொறுப்பும் இவருக்குத்தான். இத்தனைக்கும் பணம் எங்கே, ஆள் எங்கே, எதுக்கு முதலிடம்? அதைத்தான் வேட்பாளர் சொல்லணும்.

"எல்லாம் சரி மாப்ள, ஓட்டுக்குப் பயந்தா போலீஸ் எப்படி நியாயமா நடக்கும்? தனக்கு ஓட்டுப் போட்டவனைப் பிடிப்பானா?"ன்னு கொக்கி போட்டார் மாமா. நியாயமான கேள்வி. அதுக்கு அக்கா, "பரீட்சை எழுதி வந்தவர் மட்டும் எல்லாரையும் பிடிச்சிடுறாரா? இவங்களையாவது நாலு வருஷத்துல மாத்தலாம்"னா. 2022-ல அப்படித்தான் மாத்தியிருக்காங்க. 2011-லேர்ந்து ஷெரிஃபா இருந்த ஜோ டிசால்வோவை, முன்னாடி அதே ஆபீஸ்ல வேலை பார்த்த மைக்கேல் புக்லியோனி தோற்கடிச்சார். மாமா பதில் சொல்லலை. நானும் இன்னும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன். நீங்களும் ஹாஸ்டல்ல சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வாங்க.

திரும்பும்போது...

கோர்ட் எதிர்ல உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். கண்ணைக் கட்டாத தேவதை எங்க டப்பாவையே பார்த்துட்டிருந்தது. அந்த ஃபர்ஸ்ட் இயர் பொண்ணோட கேள்வி அப்போதான் திரும்ப வந்து உறைச்சது. தாம்சன் கிறுக்குத்தனமா பேசினார்தான். ஆனா, 'என்ன பண்ணுவீங்க?'ன்னு கேட்டா அவர்கிட்ட பதில் இருந்தது. எழுதி, அச்சடிச்சு, சுவத்துல ஒட்டியிருந்தார். அதனாலதான் அவர் தோத்த பிறகும் அதைப் பத்திப் பேச முடிஞ்சது. என்கிட்ட இருந்தது கைதட்டல் மட்டும்தான்.

கார்ல பெட்ரோல் பில்லுக்குப் பின்னாடி எழுதினேன். ஒண்ணு, அசோசியேஷன் வரவு செலவு மாசாமாசம் நோட்டீஸ் போர்டுல. ரெண்டு, லேப் சாயந்திரம் ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கணும்னு ஹெச்.ஓ.டி.கிட்ட கேட்கிறது. மூணு, ஃபர்ஸ்ட் இயருக்கும் கமிட்டியில ஒரு இடம். நாலாவதா 'கல்லூரி பேரை ஃபேட் காலேஜ்னு மாத்துறது'ன்னு எழுதி, நானே அடிச்சுட்டேன்.

ஊருக்கு வந்த மறுநாள் அந்த பில்லை, என்னை ஜெயிச்ச செகரட்டரிகிட்டயே குடுத்தேன். ஒரு நிமிஷம் முறைச்சான். அப்புறம், "முதல் பாயின்ட் ஓகே மச்சி"ன்னான். போர்டுல முதல் கணக்கு ஒட்டியாச்சு. டீ செலவு மட்டும் கொஞ்சம் ஓவர். கேட்டுட்டு இருக்கேன்!

கிளம்புறவங்களுக்கு: இன்டிபென்டென்ஸ் பாஸ் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், கோடையில போங்க. மரூன் பெல்ஸுக்கு முன்பதிவு அவசியம். நெறைய தண்ணி குடிங்க, உயரம் தலைவலி கொடுக்கும். புளிசாதத்தை மறக்காதீங்க.