‘எளிது’ என்ற சொல்

இப்பக்கத்தில் எழுதி எட்டு மாதங்களுக்கு மேலாகிவிட்டது. நலம் விசாரித்து மடல் அனுப்பிய ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நன்றி. எனக்கு நோய் என்றும், பணியிலிருந்து விலகிவிட்டேன் என்றும் செராஸ் வட்டாரத்தில் சிலர் பேசிக்கொண்டதாக அறிந்தேன். இரண்டும் உண்மையல்ல. ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தேன். அந்த ஆறு மாதத்தில் என்ன செய்தேன் என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

நெடுந்தொலைவு டிரையத்லான் என்னும் முப்போட்டிக்குப் பயிற்சி செய்தேன். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் என்ற மூன்றையும் இடைநிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நாளில் முடிக்கும் போட்டி அது.

இதன் வரலாறு சுவையானது. 1978-ஆம் ஆண்டு ஹவாயின் ஓவாஹு தீவில், ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் முயற்சியில் இது தொடங்கியது. நீச்சல் வீரர், மிதிவண்டி வீரர், ஓட்டக்காரர் ஆகியோருள் உடல்வலிமை மிக்கவர் யார் என்ற வாதம்தான் தொடக்கம். அத்தீவில் தனித்தனியே நடந்துவந்த மூன்று நெடும்போட்டிகளை ஒன்றாக இணைத்துவிட்டார்கள். முதலாண்டில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். இன்று முழுத் தொலைவு என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம். நம் நாட்டில் லங்காவித் தீவில் 2000-ஆம் ஆண்டு இப்போட்டி தொடங்கியது. 2010-க்குப் பின் சில ஆண்டுகள் நின்று, 2014-இல் மீண்டும் வந்தது. முழுத் தொலைவோடு அதில் பாதியளவான போட்டியும் அங்கு நடைபெறுகிறது. நான் குறிவைத்தது அந்தப் பாதியைத்தான்: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் மிதிவண்டி, 21.1 கிலோமீட்டர் ஓட்டம்.

நாற்பத்தேழு வயது ஆசிரியைக்கு இது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மா கேட்டுவிட்டார். “இந்த வயசுல உனக்கு எதுக்குடி இந்த வேலை? சம்பளத்தையும் விட்டுட்டு!”

முதற்காரணம் மருத்துவர். இரத்த அழுத்தம் கூடியிருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அதன் விகிதம் மிக அதிகம். என் தந்தையை அந்த நோயால்தான் இழந்தேன். அந்தப் பட்டியலில் நானும் சேர விரும்பவில்லை.

இரண்டாவது காரணம் ஒரு பழைய நினைவு. 1998-இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தபோது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவி. விடுதித் தொலைக்காட்சி முன் கூடி நின்று, 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் ஜி. சரவணன் தங்கம் வென்றதைக் கண்டோம். நான்கு மணி நேரத்திற்கு மேல் நடந்த நம்மவர் ஒருவர், நம் நகரிலேயே நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். மறுநாள் காலை நாங்கள் ஏழெட்டுப் பேர் விடுதியைச் சுற்றி வேகநடை நடந்தோம். அது ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. அந்த வெட்கம் எனக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் களைப்பு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பிக்கிறேன். விடுப்பு எடுப்பதற்கு முந்தைய மாதங்களில் வகுப்பறையில் என் குரல் அடிக்கடி உயர்ந்தது. குறிப்பாக ஒரு மாணவனிடம். அவன் பெயர் இங்கு வேண்டாம். மூன்றாம் ஆண்டு படிக்கும் அவனுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை. குறைநீக்கல் வகுப்பில் ‘கொடி’ என்ற சொல்லைக் காட்டுவேன். “கெ...” என்று தொடங்குவான். பிறகு துணைக்காலைப் பார்த்துத் திகைத்து நிற்பான். “இது எளிதுதானே! ஏன் வரவில்லை?” என்று நான் கேட்பேன். அவன் தலை குனிவான். ஒருநாள் அவன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “எனக்கு மட்டும்தான் டீச்சர் வரல” என்றான். அதற்கு நான் என்ன மறுமொழி கூறினேன் என்பது எனக்கு நினைவில்லை. அவனுக்கு நினைவிருக்கலாம்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன்.

ஓட்டம் ஓரளவு கைகூடியது. அதிகாலை ஐந்தரைக்குப் பெர்மைசூரி ஏரிப் பூங்காவிற்குப் போய்விடுவேன். தொடக்கத்தில் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. நெடுந்தொலைவுப் பயிற்சியில் பெரும்பகுதி மெதுவாகத்தான் ஓட வேண்டும். ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது சரியான வேகம். மூச்சு வாங்கிச் சொல் அறுபட்டால் வேகம் மிகுதி என்று பொருள். பேசத் துணையில்லாததால் நான் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே ஓடுவேன். ‘ஏழேழு நாற்பத்தொன்பது’ மூச்சுத் திணறாமல் வந்தால் சரி. எதிரே நடந்துவரும் சீன மூதாட்டி ஒருவர் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போவார். இரண்டு மாதத்திற்குப் பின் கையசைக்கத் தொடங்கினார்.

மிதிவண்டி பழையது. 1,800 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். ஞாயிறுதோறும் செராஸ் ஒன்பதாம் மைலிலிருந்து உலு லங்காட் பதினான்காம் மைல், அங்கிருந்து பதினெட்டாம் மைல் என்று போவேன். நாடு கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அந்த ஊர்களுக்கு மைல் கணக்கே பெயராக நிலைத்துவிட்டது. அதற்கும் அப்பால், சிலாங்கூரும் நெகிரி செம்பிலானும் சந்திக்கும் கெந்திங் பெராஸ் மலைச்சாலை. அங்கு முதன்முறை ஏறியபோது பாதி வழியில் இறங்கி வண்டியைத் தள்ளினேன். நான்காம் முறைதான் இறங்காமல் ஏறினேன். இந்த வெயிலில் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, வியர்வையோடு போகும் உப்பையும் ஈடுகட்ட வேண்டும் என்பதை ஒரு தசைப்பிடிப்பு எனக்குக் கற்பித்தது. அன்றிலிருந்து சட்டைப் பையில் உப்பும் வாழைப்பழமும் தவறியதில்லை.

நீச்சல்தான் சிக்கல். எனக்கு நீச்சல் தெரியாது. நாங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அண்ணனின் நண்பர் ஒருவர் ஈயக்குட்டையில் மூழ்கி இறந்த பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எவரும் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அவர் என் பயிற்சியை எதிர்த்ததற்குச் சம்பளம் மட்டும் காரணமன்று.

பொது நீச்சல் குளத்தில் தொடக்கநிலை வகுப்பில் சேர்ந்தேன். உடன் கற்றவர்கள் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடிய நீச்சலுடையில், மார்பளவு நீரில், அவர்களுக்கு நடுவே நின்றேன். பயிற்றுநர் இளம் சீனப் பெண். மிக நல்லவர். என்னைச் ‘சிக்கு’ என்றே அழைப்பார். முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடச் சொன்னார். என் உடல் மறுத்தது. மூன்று வாரம் மறுத்தது. அருகில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி மீனைப் போலப் போய் வந்தாள்.

“பயம் வேண்டாம் சிக்கு, இது மிகவும் எளிது” என்றார் பயிற்றுநர்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அச்சொல் என்னைச் சுட்டது. கடினமான ஒன்று எனக்கு வரவில்லை என்றால் அது இழிவில்லை. எளிதான ஒன்று எனக்கு வரவில்லை என்றால் என்னிடம்தான் ஏதோ பழுது இருக்கிறது என்று பொருள். அன்று வகுப்பு முடியும் முன்பே ஏறி வந்துவிட்டேன். உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தபோது அவனுடைய முகம் நினைவுக்கு வந்தது. “எனக்கு மட்டும்தான் டீச்சர் வரல.”

மறுவாரம் பயிற்றுநரிடம் வெளிப்படையாகக் கூறினேன்: “எனக்கு இது எளிதாக இல்லை. எங்கே கடினம் என்பதைச் சேர்ந்து கண்டுபிடிப்போம்.” அவர் சற்று யோசித்தார். பிறகு விளக்கினார். நீரில் மூழ்காமல் இருக்கத் தலையைத் தூக்க வேண்டும் என்று உடல் நினைக்கிறது. ஆனால் தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழ்ந்துவிடும். முகத்தை உள்ளே வைத்தால்தான் உடல் மேலெழும். அதாவது உடல் உறுதியாக நம்பும் ஒன்றுக்கு நேர் எதிரானதைச் செய்ய வேண்டும். “அதனால் இது கடினம்தான்” என்றார். ‘கடினம்தான்’ என்று அவர் ஒப்புக்கொண்டபோது எனக்குக் கிடைத்த ஆறுதலை எழுத்தில் சொல்ல முடியவில்லை. அதன்பின் சுவரைப் பிடித்துக்கொண்டு வெறும் குமிழி விடுவதை மட்டும் பத்து நாள் செய்தோம். நான்காம் மாதத்தில் நூறு மீட்டர். ஐந்தாம் மாதத்தில் ஒரு கிலோமீட்டர். பின்னர்ப் போர்ட்டிக்சன் கடலில் மூன்று முறை பயிற்சி. முதல்முறை அம்மாவும் வந்தார். நான் கரையேறும் வரை துண்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

அக்காலத்தில் ஓர் இரவு ‘கொடி’யை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒற்றைக்கொம்பு முதலில் நிற்கிறது. அடுத்து ககரம். அடுத்து துணைக்கால். கண் முதலில் காண்பது கொம்பை. ஆனால் நா முதலில் ஒலிக்க வேண்டியது மெய்யை. உயிரொலி ஒன்றுதான். அதன் குறியோ இரண்டு துண்டாகி, எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக வாசி என்று கற்பித்துவிட்டு, இந்த ஓரிடத்தில் அப்படி வாசிக்காதே என்கிறோம். “கெ...” என்று தொடங்கிய அவன் நான் கற்றுக்கொடுத்த விதியைத்தான் பின்பற்றினான். அவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்காதவள் நான்.

பயிற்சிக் கல்லூரியில் ‘எளியதிலிருந்து அரியதற்குச் செல்க’ என்று கற்றோம். பாடக்குறிப்புகளில் ஆயிரம் முறை பின்பற்றியிருப்பேன். ஆனால் யாருக்கு எளியது என்ற வினாவை நான் எழுப்பியதே இல்லை.

போட்டி நாளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். பாதித் தொலைவில் நீச்சலுக்கு ஒரு மணி பத்து நிமிடம் கெடு. நான் ஒரு மணி ஆறு நிமிடத்தில் கரையேறினேன். மணலில் கால் பட்டதும் அழுதுவிட்டேன். தொடக்கத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்திற்குள் மிதிவண்டிப் பகுதியை முடிக்க வேண்டும். லங்காவியின் மேடுகளும் நண்பகல் வெயிலும் என்னை வென்றன. ஒன்பது நிமிடம் தாமதமாக வந்தேன். அலுவலர் ஒருவர் கனிவோடு கணுக்காலில் கட்டியிருந்த நேரக்கருவியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். ஓட்டத்திற்கு என்னை அனுமதிக்கவில்லை. விதி விதிதான். அன்று மாலை முடிவுக்கோட்டருகே கணவரோடு நின்று மற்றவர்களுக்குக் கைதட்டினேன். மகிழ்ச்சியாக இருந்தேன் என்று எழுதினால் பொய்யாகும்.

பள்ளிக்குத் திரும்பிய நாளில் மாணவர்கள் சூழ்ந்துகொண்டனர். “டீச்சர், ஜெயிச்சீங்களா?” “இல்லை. முடிக்கவே இல்லை. நேரம் போதவில்லை” என்றேன். வகுப்பு அமைதியானது. ஆசிரியர் ஒருவர் தமக்கு ஒன்று வரவில்லை என்று கூறுவதை அவர்கள் கேட்டுப் பழகவில்லை. அவன் மட்டும் பின்வரிசையிலிருந்து, “அப்புறம் என்ன டீச்சர் செஞ்சீங்க?” என்று கேட்டான். “எந்த இடத்தில் மெதுவாகிறேன் என்று எழுதி வைத்திருக்கிறேன்” என்றேன். அவன் தலையசைத்தான்.

இப்போது நாங்கள் இருவரும் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனி அட்டைகளில் வெட்டி வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம். முதலில் ககர அட்டையை வைத்து ஒலிக்கிறான். பிறகு இரு கைகளாலும் ஒரே நேரத்தில் கொம்பையும் காலையும் இருபுறமும் வைக்கிறான். ‘கொ’ வந்துவிட்டது. ‘கோ’ இன்னும் தடுமாறுகிறது. ‘கௌ’வுக்கு நாங்கள் போகவில்லை. அவன் வகுப்பு மட்டத்தை எட்ட இன்னும் நெடுநாள் ஆகும். அதற்குள் அவனுக்கும் கெடு முடிந்துவிடலாம் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆண்டு முடிந்தால் அடுத்த வகுப்பு, அடுத்த ஆசிரியர். பள்ளியிலும் நேரக்கருவி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாளை ஒருநாள் மட்டும், பிள்ளைகளிடம் ‘எளிது’, ‘சுலபம்’, ‘இதுகூடத் தெரியாதா’ ஆகிய சொற்களை எத்தனை முறை பயன்படுத்துகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது முதல்நாள் பதினொன்று வந்தது. சென்ற வாரம் இரண்டு. இயன்றால், உங்களுக்கு அறவே தெரியாத ஒன்றை, உங்களைவிட இளையவரிடம் கற்கத் தொடங்குங்கள். அது நீச்சலாக இருக்க வேண்டியதில்லை.

மருத்துவர் சொன்ன செய்தியையும் சேர்த்துவிடுகிறேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை தொடர்கிறது.

மீண்டும் லங்காவிக்குப் போவேனா என்று அம்மா கேட்கவில்லை. மிதிவண்டி இன்னும் வரவேற்பறையில்தான் நிற்கிறது. அதை எடுத்து வெளியே வைக்கச் சொல்லவும் இல்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். அடுத்த பதிவில் அந்த எழுத்தட்டைகளைச் செய்யும் முறையை விளக்குகிறேன்.

அன்புடன்,
செராஸிலிருந்து உங்கள் ஆசிரியை