மூன்றாவது கை

கொஞ்சம் நீளமான பதிவு நண்பர்களே. டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். (கடைசியில் அந்த டீயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வேன். முறைக்காதீர்கள்.)

இரண்டாம் வகுப்பில் எல்லாரும் எதிர்ச்சொல் எழுதியிருப்போம். பெரிய × சிறிய, மேடு × பள்ளம், இனிப்பு × கசப்பு. போன வருடம் ஒரு மாதம் முழுக்க நான் அதே வீட்டுப்பாடத்தைத் திரும்பச் செய்தேன், பேனாவுக்குப் பதில் போன் கேமராவை வைத்துக்கொண்டு. ஒரு எதிர்ச்சொல் ஜோடிக்கு இரண்டு படம், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரே படம். அவ்வளவுதான் விதி.

இது என் மண்டையில் உதித்த யோசனை இல்லை. ஜெர்மனியில் வைமர் நகரத்தில் 1919-ல் பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளி தொடங்கினார்கள். புதிதாகச் சேர்கிற மாணவர்களுக்கு அங்கே அடிப்படை வகுப்பு நடத்தியவர் யோஹான்னஸ் இட்டன், சுவிட்சர்லாந்துக்காரர், ஓவியர். அவர் மாணவர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுப்பார். பெரிது-சிறிது, வழவழப்பு-சொரசொரப்பு, கனம்-லேசு, ஒளி புகுவது-புகாதது, அசைவது-அசையாதது... இனிப்பு-புளிப்பு கூட அந்தப் பட்டியலில் உண்டு! வரைந்தோ, கையில் கிடைத்த பொருட்களை வைத்தோ, அந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டும். பின்னாளில் புகைப்படம் கற்றுக்கொடுப்பவர்களும் இதையே பயிற்சியாக எடுத்துக்கொண்டார்கள். மைக்கேல் ஃப்ரீமன் எழுதிய ஒரு புகைப்படப் புத்தகத்தில்தான் நான் இதை முதலில் பார்த்தேன்.

ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் நாலு வருடமாக வேலை. அதே ஓ.பி., அதே வார்டு, அதே நைட் டூட்டி. கண் எதையும் பார்ப்பதை நிறுத்திவிட்ட மாதிரி ஒரு உணர்வு எனக்கு. சரி, செலவில்லாத வைத்தியம்தானே என்று ஆரம்பித்தேன். நோயாளிகளின் முகம் கூடாது, கேஸ் ஷீட் கூடாது, வார்டுக்குள் அனுமதி இல்லாமல் போனை எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகளும் உண்டு. சீஃப் டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். "ஜன்னலையும் ஃபேனையும் எடுக்கிறதுன்னா எடுத்துக்கோப்பா" என்று சிரித்தார்.

முதல் வாரம் எடுத்ததெல்லாம் குப்பை. பெரிது-சிறிது என்றால் ஆலமரமும் பக்கத்தில் ஒரு செடியும். பழையது-புதியது என்றால் துருப்பிடித்த கட்டிலும் புதுக் கட்டிலும். பார்க்கிறவருக்கு "சரி, அதுக்கென்ன?" என்றுதான் தோன்றும். எனக்கே தோன்றியது. வார்த்தைக்குப் பொருத்தமான பொருளைத் தேடிக் கண்டுபிடித்திருந்தேனே தவிர, படத்தில் எதையும் காட்டவில்லை.

கனம்-லேசு எடுக்கும்போதுதான் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்தது. ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்தேன். படத்தில் அது வெறும் இரும்புக் குழாய் மாதிரி இருந்தது. எடை எங்கேயும் இல்லை. மறுநாள் எங்கள் பணியாளர் அண்ணன் ஒருவர் அதைச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டு வராந்தாவில் வந்தார். ஒரு பக்கத் தோள் இறங்கி, கழுத்து நரம்பு புடைத்து, செருப்பு விரல்கள் தரையைக் கவ்வியபடி. அவரிடம் கேட்டு, தோளுக்குக் கீழே மட்டும் எடுத்தேன். இப்போது படத்தில் கனம் இருந்தது. அந்தக் கனம் சிலிண்டரில் இல்லை, அவர் கால் விரல்களில் இருந்தது! லேசுக்கு ஒரு பஞ்சுத் துணுக்கு. மேஜையில் கிடந்தவரை அதுவும் ஒன்றுமில்லாமல்தான் இருந்தது. சிஸ்டர் ஒருவர் தற்செயலாகத் தும்ம, பஞ்சு எழும்பியது. அதுதான் படம்.

ஒளி புகுவதற்கு ஜன்னல் பக்கம் தொங்கிய சலைன் பாட்டில். அதை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இருக்கிற தண்ணீர் லென்ஸ் மாதிரி வேலை செய்யும். வெளியே நிற்கிற வேப்பமரம் பாட்டிலுக்குள் இடவலம் மாறித் தெரியும். நாலு வருடமாக நூற்றுக்கணக்கான பாட்டில்கள் மாட்டச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையும் பார்த்ததில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிப்பு ஜோடி. இட்டன் பட்டியலில் புளிப்பு இருந்தாலும் நான் உப்பாக மாற்றிக்கொண்டேன், மருத்துவமனையில் கிடைப்பது அதுதானே. ஜன்னல் திண்டில் இரண்டு சொட்டு விட்டேன். ஒன்று 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், இன்னொன்று நார்மல் சலைன். இரண்டும் அச்சு அசலாக ஒரே சொட்டு. எந்தக் கேமராவுக்கும் வித்தியாசம் தெரியாது. அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஒரு சொட்டைச் சுற்றி மட்டும் எறும்பு வட்டம். அந்தக் காலத்து வைத்தியர்கள் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை வைத்து நீரிழிவைக் கண்டுகொண்டது இப்படித்தான். இந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "டூட்டி நேரத்துல இதான் வேலையா?" என்று பதில் வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும்.

பாரிஸில் கோபெலான் என்று புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம். அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரல், வேதியியலாளர். கறுப்பு நூலின் சாயம் சரியில்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை வெளிறிக் காட்டின. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்து நிறம் தீர்மானிக்கிறது என்று 1839-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார்.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு பகுதி விடை நம் விழித்திரையில் இருக்கிறது. அங்கே உள்ள கேங்லியான் செல்கள் "இங்கே இவ்வளவு வெளிச்சம்" என்று மூளைக்குக் கணக்குக் கொடுப்பதைவிட, "சுற்றியுள்ள இடத்தைவிட இங்கே கூட, அங்கே குறைவு" என்றுதான் பெரும்பாலும் சொல்கின்றன. 1953-ல் ஸ்டீபன் குஃப்ளர் பூனையின் விழித்திரையில் இதை அளந்து காட்டினார். ரொம்பத் தூரம் போக வேண்டாம், உங்கள் வீட்டு வெள்ளைச் சட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடியில் காயும்போது பளிச்சென்றுதான் இருக்கும். புதுசாக வாங்கின வெள்ளைச் சட்டையைப் பக்கத்தில் போடுங்கள். அடடா, இத்தனை நாள் இந்தப் பழுப்பையா போட்டுக்கொண்டு திரிந்தோம் என்று இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை. எங்கள் ஊரில் திங்கள் ஓ.பி. எப்படி இருக்கும் என்று அரசு மருத்துவமனைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு அம்மா இரண்டரை வயதுப் பெண் குழந்தையோடு வந்தார். இருமல், சளி, இரண்டு நாள் காய்ச்சல். நெஞ்சில் ஒன்றும் இல்லை. "சரியா சாப்பிட மாட்டேங்குது சார், மண்ணைத் தின்னுது" என்று சொன்னார். குழந்தையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க அது ஒரு வழி. பக்கத்திலேயே அம்மாவின் கை. இரண்டும் ஒரே நிறம். சரி, குழந்தையின் நிறமே இதுதான் என்று முடிவு செய்து, காய்ச்சலுக்கும் சளிக்கும் மருந்து எழுதினேன். மொத்தமும் இரண்டு நிமிடம் இருக்கலாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே என் மண்டைக்குள் புகைப்படக்காரன் எழுந்துவிட்டான். பெரிது-சிறிதுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்குமா? அம்மாவிடம் கேட்டேன், கை மட்டும்தான், முகம் வராது, வேண்டாமென்றால் பரவாயில்லை என்று. "எடுத்துக்குங்க சார்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். குழந்தை கையை உதறிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற சிஸ்டர் அதன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். ஒரே ஒரு கிளிக். அடுத்த டோக்கன்.

இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் அன்றைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் படத்தில் எரிச்சல் வந்தது. ஓரத்தில் சிஸ்டரின் கை தேவையில்லாமல் உள்ளே வந்துவிட்டது, வெட்டி எடுத்துவிடலாம் என்று விரலை வைத்தேன்.

வைத்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

பெரிய கை ஒன்று, சின்னக் கை ஒன்று, இரண்டும் ஒரே நிறம். மூன்றாவது கைக்கு மட்டும் வேறு நிறம். சிஸ்டரின் விரல் நுனிகளில், உள்ளங்கை மேட்டில், இரத்தம் ஓடுகிற சிவப்பு தெரிந்தது. மற்ற இரண்டும் மெழுகு மாதிரி.

இரண்டு பேருக்கும் சோகை. அதனால்தான் இரண்டும் ஒரே நிறமாக இருந்தன.

குழந்தைகளைப் பரிசோதிக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடத்திலேயே இது தெளிவாக இருக்கிறது. குழந்தையின் உள்ளங்கையை உன் உள்ளங்கையோடும் மற்ற குழந்தைகளின் உள்ளங்கையோடும் ஒப்பிட்டுப் பார் என்று. தாயின் கையோடு என்று இல்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே பற்றாக்குறை. பழுப்புச் சட்டையைப் பழுப்புச் சட்டையோடு வைத்துப் பார்த்துவிட்டு வெள்ளை என்று சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன். கூட்டம் இருந்தது, நேரம் இல்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் படம் எடுக்க நேரம் இருந்ததே! அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, புதன்கிழமை இருவரையும் வரவழைத்தோம். அந்த அம்மா பயந்து போயிருந்தார்.

"பாப்பாவுக்கு ஏதும் பெருசா சார்?"

"பாப்பாவுக்கும் இருக்கும்மா, உங்களுக்கும் இருக்கு. பிளட் டெஸ்ட் எடுக்கணும்."

"எனக்கென்ன சார், நான் நல்லாத்தானே இருக்கேன்."

"பச்சரிசி தின்னுவீங்களாம்மா?"

சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அரிசி மட்டுமில்லை, சிலேட்டுப் பல்பமும். குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாதவிடாய் எட்டு ஒன்பது நாள், கட்டி கட்டியாக. "எல்லா பொம்பளைங்களுக்கும் அப்படித்தானே சார்" என்றார். அதைக் கேட்கும்போது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஹீமோகுளோபின் குழந்தைக்கு 7.4, அம்மாவுக்கு 6.2. அந்த வயதுக் குழந்தைக்கு 11-க்கு மேலும், கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்கு மேலும் இருக்க வேண்டும். அம்மாவை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டி. இரத்தம் ஏற்றி, அதற்கான சிகிச்சையும் ஆரம்பித்தார்கள். குழந்தைக்குக் குடற்புழு மருந்தும் இரும்புச் சத்து சிரப்பும்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம். யோசித்துப் பாருங்கள், பாதிக்கு மேல். பக்கத்து வீட்டு அக்காவோடு ஒப்பிட்டு "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்கிறவருக்கு, அந்த அக்காவுக்கும் சோகை இருந்தால் எப்படித் தெரியும்? அதனால்தான் எச்.பி. டெஸ்ட் எடுக்கச் சொல்கிறோம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காசு கிடையாது.

ஒரு முக்கியமான வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு உள்ளங்கையைப் படம் எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்பாதீர்கள்! டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம், அதற்குமேல் போனே தன் இஷ்டத்துக்கு நிறத்தைச் சரிசெய்துகொள்ளும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மூன்று கைகளும் ஒரே வெளிச்சத்தில், ஒரே படத்தில் இருந்ததால்தான். தனித்தனியாக எடுத்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. உள்ளங்கை சிவப்பாக இருந்தாலே சோகை இல்லை என்றும் சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனைதான் உறுதி.

அப்புறம் அந்த டீ. சாப்பாட்டோடு சேர்த்தோ, இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்தோ டீ, காபி குடித்தால் இரும்பு உடம்பில் ஏறுவது குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா இதெல்லாம் உதவும்.

அந்தப் படத்தை இங்கே போடவில்லை. கை மட்டும் என்றாலும் அது ஒருவருடைய நோய், என் ஆல்பத்துக்கான பொருள் இல்லை. அன்றோடு நோயாளிகளைப் படம் எடுப்பதையும் விட்டுவிட்டேன், கையைக் கூட. எதிர்ச்சொல் விளையாட்டு ஃபேன், ஜன்னல், வேப்பமரத்தோடு இன்னும் நடக்கிறது. சத்தம்-அமைதி மட்டும் இதுவரை சரியாக வரவில்லை. யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

நாலு மாதம் கழித்து அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அம்மாவுக்கு 10.8, குழந்தைக்கு 11.1. சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பியவர் திரும்பி வந்து தன் போனை நீட்டினார்.

"சார், அன்னிக்கு எடுத்தீங்களே, அதே மாதிரி எனக்கு ஒண்ணு எடுத்துக் குடுங்க."

சிஸ்டர் அன்று லீவு. நானே என் இடது கையை அவர்கள் கைகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வலது கையால் எடுத்தேன். குழந்தை வழக்கம்போல உதறியது. படம் ஆடிப்போய்விட்டது. "பரவால்ல சார், இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டு போனார்.