320 கிராம்

வெளியூர் கிளம்பும்போது பெட்டிக்குள் ஒரு மாடல் கிட் வைத்துக்கொள்வது என் நெடுநாள் பழக்கம். போகிற ஊருக்குப் பொருத்தமாக ஒன்றைத் தேடிப் பிடிப்பேன். ஊட்டிக்குப் போனபோது மலை ரயில் எஞ்சின், தூத்துக்குடிக்குப் போனபோது பாய்மரத் தோணி. ஒட்டிய துண்டைப் பசை பிடிக்கும்வரை இரண்டு விரலுக்கு நடுவில் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். சென்னையில் அந்த இரண்டு நிமிடம் எனக்கு வாய்ப்பதே இல்லை.

இந்த முறை சித்தூர், பெரியம்மா வீடு. வேலூரில் வளர்ந்தவனுக்கு அது அயலூர் அல்ல. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகரமே சித்தூர்தான். நாங்கள் களி என்பதை அங்கே சங்கட்டி என்கிறார்கள். அதே கேழ்வரகு, உள்ளே அதே சோற்றுப் பருக்கை. தொட்டுக்கொள்ளும் வேர்க்கடலைச் சட்னியில் மட்டும் காரம் ஒரு படி கூடுதல்.

கொண்டுபோயிருந்தது பி.எஸ்.எல்.வி. ராக்கெட், நூறில் ஒரு பங்கு அளவு. அது கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா 2022 முதல் பக்கத்துத் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது; அதனால் பொருத்தம்தான். நிஜ ராக்கெட் 44 மீட்டர், என்னுடையது 44 சென்டிமீட்டர். திண்ணையில் லுங்கி கட்டி, முழங்கால்களை அகட்டி உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். பேன்ட் போட்டு இந்த வேலை செய்யக் கூடாது. மிளகளவு துண்டு கை தவறினால் தரையில் தெறித்து ஓடிவிடும். லுங்கி என்றால் மடியிலேயே விழும். கத்தரிப்பதற்கு நகவெட்டி, பிசிறு தேய்க்க உப்புத்தாள். காற்றில் துண்டுகள் பறக்கும் என்பதால் மின்விசிறி கிடையாது. பெரியம்மா இரண்டு முறை வந்து முந்தானையால் விசிறிவிட்டுப் போனார்.

அடிப்பகுதியைச் சுற்றி ஆறு பக்கவாட்டு மோட்டார்கள் வரும். நாலாவதை ஒட்டிக்கொண்டிருந்தேன். “முடிச்சிட்டியானா சொல்லு கண்ணு, மலைக்கு எடுத்துக்கினு போலாம். அவங்களும் சாமி கால்ல வச்சிட்டுதானே விடறாங்க” என்றார் பெரியம்மா.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. அப்பா கருப்புச் சட்டைக்காரர். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். 2023 ஜூலை 13 அன்று, சந்திரயான்-3 கிளம்புவதற்கு முந்தைய நாள், விஞ்ஞானிகள் அதன் சிறிய மாடலோடு திருமலைக் கோயிலுக்குப் போன செய்தியைப் பார்த்துத் தாளை மடித்து வைத்தவன். அன்று அடக்கிய கோபமெல்லாம் பெரியம்மாமீது இறங்கியது. முதல் பி.எஸ்.எல்.வி. 1993 செப்டம்பரில் வங்கக் கடலில் விழுந்தது, அடுத்த ஆண்டு அக்டோபரில் வென்றது, நடுவில் ஓராண்டு உட்கார்ந்து பிழையைத் தேடித் திருத்தியவர்கள் மனுஷங்கதான் என்று கத்தினேன். திண்ணையில் உட்கார்ந்து எழுபது வயதுப் பெண்மணியிடம் கத்துகிறோம் என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். இரண்டு மணி நேரம் பேச்சில்லை.

மத்தியானம் சங்கட்டி உருண்டையைத் தட்டில் வைத்தபடி, “அந்த ராக்கெட்டு எவ்ளோ வெயிட்டு?” என்றார்.

“320 டன்.”

“உன்னுது?”

அதுவரை யோசித்ததில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறில் ஒன்றாகக் குறைந்தால், எடை பத்து லட்சத்தில் ஒன்றாகும். விரல்விட்டுக் கணக்குப் போட்டேன். 320 கிராம். பெரியம்மா எழுந்து போய்ச் சமையலறைத் தராசில் மதனப்பள்ளித் தக்காளியை ஒவ்வொன்றாக வைத்தார். நாலாவதற்கு 320 தொட்டது. நாலையும் என் இரண்டு கையிலும் ஏந்தக் கொடுத்தார்.

“இவ்ளோதான் தூக்க முடியும். பெரிச யாரு தூக்கிக்கினு மலை ஏறுவா? அங்க வேல செய்றவனுக்கு வயித்துல புளி கரைக்காதா? எங்கனா கொண்டும்போய் எறக்கணும் இல்ல.”

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கையில் தக்காளியோடு மறுத்துப் பேசவும் வரவில்லை. புதுத் துண்டு பொருந்துமா பொருந்தாதா என்று மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பேனே, அந்த நேரத்து வயிறு எனக்கும் தெரியும்.

ராத்திரி மாடல் முடிந்தது. தராசில் வைத்தோம்: 205. பெரியம்மாவுக்கு மனசு ஆறவில்லை. இன்னும் ஒட்டாமல் வைத்திருந்த மூக்கைக் கழற்றச் சொல்லி, தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கேழ்வரகைக் கொட்டத் தொடங்கினார். எண் ஏற ஏற அவர் கை நிதானமானது. கடைசியில் பத்துப் பதினைந்து மணியாகத் தூவினார். 320. மூக்கை நான் ஒட்டினேன். காயும்வரை அவர் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் திருப்பதி. அலிபிரியில் வண்டியை நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள். பெரியம்மா மடியில் இருந்த பெட்டியைத் திறந்த இளைஞர் சட்டென்று நிமிர்ந்தார். “இஸ்ரோவா சார்? பிரயோகம் எப்புடு?” ஏவுவது எப்போது என்று கேட்டார்.

இல்லை, நான் வீட்டில் ஒட்டியது என்றேன். அவர் முகம் வாடும் என்று நினைத்தேன், வாடவில்லை. கையை உடையில் துடைத்துக்கொண்டு, நிறைசொம்பைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்தார். கனமா இருக்கே என்றார். சூலூர்ப்பேட்டைப் பக்கம், புலிகாட் ஏரிக் கரையோர ஊராம். ராக்கெட் கிளம்பினால் வீட்டுக் கதவு அதிருமாம். சத்தம் அடங்கும்வரை அவர் அம்மா தெருவிலேயே நிற்பாராம். அவர் சொன்னதில் பாதி தெலுங்கு. மீதியைப் பெரியம்மா சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆறு மோட்டாரும் ஒன்றாகப் பற்றுமா என்று கேட்டார். நாலு தரையிலேயே பற்றும், இரண்டு மட்டும் கிளம்பி 25 விநாடி கழித்து ஆகாயத்தில் பற்றும் என்றேன். எந்த இரண்டு என்றார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த இரண்டையும் அவர் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பின்னால் ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன. மாடலை என்னிடம் தரவில்லை; பெரியம்மாவின் மடியில்தான் வைத்தார்.

மேலே போனதும் பெரியம்மா வரிசைக்குக் கிளம்பினார். பெட்டியை உள்ளே கொண்டுபோகவா என்று கேட்பார் என எதிர்பார்த்து, பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. “பத்திரம்” என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வர நாலு மணி நேரம் ஆயிற்று. மண்டபத் தூணில் சாய்ந்திருந்தேன். பக்கத்தில் மொட்டையடித்த குழந்தையொன்று எட்டி எட்டிப் பார்த்தது. பெட்டியைத் திறந்து அதற்குக் காட்டினேன். அந்த நாலு மணி நேரமும் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.