ஒளிவீச்சிக்கு எந்த வடம்?

2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டத்தோடு தமிழ்ப்பள்ளிகளுக்கு மடிக்கணினியும் ஒளிவீச்சியும் வந்தன. திட்டம் போயிற்று; ஒளிவீச்சி நிலைத்துவிட்டது.

அம்பாங் பெச்சா வட்டாரத்தில் பள்ளிக்கு வடம் வாங்கித் தர முன்வரும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஒளிவீச்சியின் பின்புறம் ஒரே அளவில் இரு முனைகள் இருக்கும். மூன்று வரிசையில் 15 துளைகள் உடையது வி.ஜி.ஏ.; படம் செல்வது இதன் வழியே. இரு வரிசையில் 9 ஊசிகள் உடையது தொடர்முனை. கருவியை இயக்கவும் அணைக்கவும் கணினி இடும் கட்டளைகளை ஏற்பது. படம் அதில் வாராது. 'இரண்டும் ஒன்றுதான்' என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டா. அரைமணிப் பாடவேளையில் பத்து நிமிடம் வெறுந்திரையைப் பார்த்தே கழிந்தால் இழப்பு பிள்ளைகளுக்குத்தானே!

புது மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. மட்டுமே இருப்பின், குறிகையை மாற்றித்தரும் சிறு கருவியும் வேண்டும். வெறும் வடம் போதாது. நீளத்தையும் அளந்து செல்லுங்கள். கூரைக்கு நேராக அன்று, சுவரோரமாக.